வீராணத்தில் மாதவாரி நீர்மட்டம் முன்கூட்டியே தெரிய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீராணம் ஏரியின் இன்றைய நீர்மட்டம் இத்தனை அடி, சென்னைக்கு அனுப்பும் நீர் வினாடிக்கு இத்தனை கன அடி என்று நாளிதழ்களில் அடிக்கடி செய்தி வருகிறது. அந்த இரண்டு எண்களையும் தீர்மானிப்பவர்கள் வெவ்வேறு அலுவலகங்களில் இருப்பதுதான் சுமார் 45 ஆயிரம் ஏக்கர் ஆயக்கட்டுக்கு, அதாவது ஏரி நீரால் பாசனம் பெறும் வயல்களுக்கு, சிக்கலாக இருக்கிறது.

முழு மட்டம் 47.5 அடியும் கொள்ளளவு 1.465 டி.எம்.சி.யும் கொண்ட ஏரியின் கரையும் மதகுகளும் நீர்வளத் துறையின் பொறுப்பு. 2004 முதல் சேத்தியாத்தோப்பு நீரேற்று நிலையம் வழியாகச் சென்னைக்கு நீர் எடுப்பது குடிநீர் வாரியம். பயிரைக் கணக்கெடுப்பது வேளாண்மைத் துறை, வெள்ளம் வந்தால் தாழ்வான பகுதி மக்களை வெளியேறச் சொல்வது வருவாய்த் துறை. போதாததற்கு, ஏரிக்கு நீர் கொண்டுவரும் வடவாற்றுக்கு நீர் பிரியும் கீழணை தஞ்சை, அரியலூர் மாவட்டங்களின் எல்லையில் இருக்கிறது. செங்கால் ஓடையும் கருவாட்டு ஓடையும் அரியலூர் பக்கத்து மழைநீரைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. ஏரி இருப்பதோ கடலூர் மாவட்டத்தில்.

ஐப்பசி, கார்த்திகையில் நடப்பதைப் பாருங்கள். அடுத்த கோடையில் சென்னைக்கு நீர் வேண்டுமென்பதால் ஏரியை முழு மட்டத்தை ஒட்டியே வைத்திருக்கிறார்கள், அது நியாயம்தான். அரியலூர் மாவட்டத்து ஜெயங்கொண்டம் பக்கம் ஓரிரவு கனமழை பெய்தால், நீர்வரத்து திடீரென உயர்ந்து, கரையைக் காக்க வெள்ளியங்கால் ஓடை வழியே உபரிநீரைத் திறந்துவிட வேண்டியிருக்கிறது. அதுவும் தவிர்க்க முடியாதது. ஆனால் நட்டுச் சில வாரங்களே ஆன சம்பாப் பயிர் திருநாரையூர், சிறகிழந்தநல்லூர் வயல்களில் மூழ்குவது அந்த நீரில்தான். தனித்தனியே பார்த்தால் எந்தத் துறையின் முடிவிலும் தவறில்லை. மழைக்காலத்தில் மட்டத்தை எவ்வளவு தாழ்த்தி வைத்தால் சென்னைக்கும் குறையாது, கீழே உள்ள வயல்களுக்கும் ஆபத்து குறையும் என்பதை எல்லாத் துறைகளும் ஒன்றாக உட்கார்ந்து கணக்கிட வேண்டும் என்பதே என் கருத்து.

கோடையில் குடிநீருக்கே முன்னுரிமை என்பதில் எங்களில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அதை விதைப்புக்கு முன்னால் சொன்னால் போதும். மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மாவட்ட அதிகாரிகளிடம்தான் கேட்க முடியும். குழாயில் எவ்வளவு எடுப்பது என்பதோ சென்னையில் முடிவாகிறது.

ஆகவே, ஒவ்வோர் ஆண்டும் மேட்டூர் திறப்பையொட்டி, கடலூர் ஆட்சியர் தலைமையில் நீர்வளத் துறை, குடிநீர் வாரியம், வேளாண்மை, வருவாய்த் துறைகளும், 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்களின் பிரதிநிதிகளும் கூடி, மாதவாரி நீர்மட்டத்தை எழுத்தில் வரையறுக்க வேண்டும். அரியலூர் மாவட்ட மழை அளவு நேரடியாக ஏரிப் பொறியாளருக்கு வந்து சேரவும், உபரிநீர் திறப்பதற்கு எத்தனை மணி நேரம் முன்பு எந்தெந்த ஊருக்கு, யார் அறிவிப்பது என்பதற்கும் அதிலேயே ஏற்பாடு இருக்கட்டும். இதற்கென்று தனி ஆணையம் வேண்டியதில்லை. ஆணையம் என்றால் கட்டடம் கட்டவே இரண்டு ஆண்டு போய்விடும். அந்த அட்டவணையைக் காட்டுமன்னார்கோவில், சேத்தியாத்தோப்பு பேரூராட்சி அலுவலகங்களிலும் மதகுகளிலும் ஒட்டிவிட்டால், மதகைத் திறந்து மூடும் பணியாளரான லஸ்கரிடம் வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டு நாற்று விடும் நிலை மாறும்.

இப்படிக்கு,
ஆயக்கட்டு விவசாயி ஒருவர்,
காட்டுமன்னார்கோவில் வட்டம்