அப்பளம் மாதிரி காய்ந்த ரிஜிஸ்டர்

ஊர்க்காரர்களுக்கும், ஊரை விட்டுப் போனாலும் ஊரை மறக்காதவர்களுக்கும் வணக்கம்.

நம் நூலகம் வருகிற ஜனவரி 26, வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு மறுபடியும் திறக்கிறது. இந்த ஒரு வரியைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நன்றி சொல்லாமல் வெறும் நோட்டீஸாக எழுதக் கை வரவில்லை.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். நம் நூலகத்தில் அதற்குக் கணக்கு வேறு: கீழிருந்து மூன்றாவது தட்டு வரை. தாமிரபரணி வந்து நின்ற கோடு, வெள்ளையடித்த பிறகும் சுவரில் மங்கலாகத் தெரிகிறது. இன்னொரு கோட் அடிக்கலாமா என்று பெயின்டர் கேட்டார். இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

போன புத்தகங்களைப் பற்றிப் புலம்ப மாட்டேன். அவற்றில் பாதிக்கு மேல் திரும்ப வாங்கிவிடலாம், வாங்கிக்கொண்டும் இருக்கிறோம். திரும்ப வாங்க முடியாத ஒன்று இருந்தது. வரவுப் பதிவேடு. நாம் எல்லோரும் ரிஜிஸ்டர் என்று சொல்கிற அந்த 200 பக்க நீள நோட்டு. போன ஆகஸ்ட் 12-ம் தேதி, இந்திய நூலகத் துறையின் தந்தை என்று சொல்லப்படுகிற எஸ்.ஆர். ரங்கநாதன் பிறந்தநாளில், கதவைத் திறந்த அன்றைக்கு எழுத ஆரம்பித்தது. எந்தப் புத்தகம், என்றைக்கு வந்தது, யார் கொடுத்தார்கள். அரசாங்கக் காசில் வந்த நூலகம் இல்லை இது, வீடு வீடாகக் கேட்டு வாங்கியது. ஒவ்வொரு வரியிலும் இந்த ஊரில் ஒருவர் இருக்கிறார். மகன் வெளிநாடு போனதும் அவன் படித்த காமிக்ஸ் மூட்டையைக் கொண்டுவந்து, "இத இனி யாரு படிப்பா" என்று வைத்துவிட்டுப் போன அம்மா இருக்கிறார். தன் கணவரின் புத்தகங்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைத் தந்த ஆச்சி இருக்கிறார்.

இங்கே என் குற்றம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ரிஜிஸ்டரை இரண்டு பேர் எழுதினோம். நானும், கல்லூரி முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கும் நம் தன்னார்வலர் பெண்ணும். அவள் ஐந்து ரூபாய் பால்பாயிண்ட் பேனாவில் எழுதுவாள். நான் மை பேனா. என் கையெழுத்து அழகு என்று பள்ளிக்கூடத்தில் சொன்னதை இன்னும் நம்பிக்கொண்டிருக்கிற ஆள் நான். "ரிஜிஸ்டர்ல போய் இப்படிக் கிறுக்குதியே" என்று அவளைத் திட்டியும் இருக்கிறேன். தண்ணீர் வடிந்து பீரோவைத் திறந்தபோது அவள் கிறுக்கிய வரிகள் அப்படியே இருந்தன. என் அழகான வரிகள் எல்லாம் நீலக் கறையாகியிருந்தன. அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

ஈர நோட்டை எடுத்துவந்து எங்கள் வீட்டுக் காம்பவுண்டுச் சுவர்மேல் விரித்து வைத்தேன். நனைந்த காகிதத்தை 48 மணி நேரத்துக்குள் கவனிக்காவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும் என்று எங்கோ படித்தது நினைவில் இருந்தது. அந்தக் கெடு ஏற்கெனவே தாண்டிவிட்டது. வெயிலில் வைத்தால் தாள் சுருண்டு மொடமொடவென்று ஆகும். ஃபேன் காற்றில் வைக்கலாமென்றால் கரண்ட் இல்லை. எப்போது வரும் என்று கேட்கவும் ஆள் இல்லை.

அப்போதுதான் தெருவோடு போன நம் இஸ்திரி அண்ணாச்சி நின்று பார்த்தார்.

"என்ன யம்மா, அப்பளம் காயப் போட்டிருக்கு?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. விஷயத்தைச் சொன்னேன். ஒரு தாளின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். சட்டைக் காலரைத் தொட்டுப் பார்க்கிற அதே விரல்கள். "எங்கிட்ட குடுங்க" என்றார்.

ஒன்றை இங்கே யோசித்துப் பாருங்கள். அவருடைய தள்ளுவண்டியை வெள்ளம் கொண்டுபோய் வாழைத் தோட்டத்தில் போட்டிருந்தது. தேய்க்கக் கொடுத்திருந்தவர்களின் துணி மூட்டை போயே போய்விட்டது. எத்தனை வீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது அவருக்கு! மிச்சமாக இருந்தது அந்தப் பித்தளைப் பெட்டி ஒன்றுதான், அதுவும் கனத்தால் நகராமல் கிடந்ததால். "உங்க பொழப்ப பாருங்க அண்ணாச்சி, இது எதுக்கு" என்றதற்கு, "இப்போ யாரு யம்மா தேய்க்கக் குடுக்கா? பெட்டி சும்மாதான கெடக்கு" என்றார்.

ஊர் முழுக்க மின்சாரம் இல்லாத அந்த நாட்களில் வேலை செய்த ஒரே எந்திரம் அந்தக் கரிப் பெட்டிதான் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. கரியும் நனைந்துபோயிருந்தது. தென்னை விழுந்த வீடுகளில் சொல்லிவைத்து சிரட்டை வாங்கி, சுட்டு, அவரே கரி ஆக்கிக்கொண்டார்.

அவர் வேலை செய்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கீழே காய்ந்த செய்தித்தாள் நாலு மடிப்பு. அதன்மேல் ரிஜிஸ்டர் தாள். அதன்மேல் பழைய வேட்டித் துண்டு ஒன்று. பெட்டி சூடானதும் வைக்கவில்லை. சாம்பலை ஊதித் தள்ளிவிட்டு, சூடு தணியும்வரை காத்திருந்தார். ஈர விரலால் தொட்டுப் பார்ப்பார். சுர்ரென்றால் இன்னும் நேரம் இருக்கிறது என்று அர்த்தமாம். பட்டுப் புடவைக்கு வைக்கிற சூட்டைவிடக் குறைவு என்றார். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் தாள் கிழியும் என்று நடுவிலிருந்து வெளியே தள்ளினார். தேய்க்கவே இல்லை, வைத்து வைத்து எடுத்தார். ஒரு தாள் முடிந்ததும் செய்தித்தாளை மாற்றுவார். அதில் என் கையெழுத்து நீலமாக ஏறியிருக்கும்.

நூறு தாள். மூன்று நாள்.

நாற்பத்தேழாம் பக்கத்தில் மட்டும் கீழ்மூலையில் பெட்டியின் மூக்கு பட்டுப் பழுப்பாக ஒரு முக்கோணம் விழுந்துவிட்டது. அதற்கு அவர் கேட்ட மன்னிப்பை எண்ணினால் அது தனி ரிஜிஸ்டர். எத்தனை பேர் சட்டையில் இப்படி விழுந்து வசவு வாங்கியிருப்பாரோ, அந்தப் பயம் என்று நினைக்கிறேன். அந்தப் பக்கத்தை நான் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

இனி நான் எதிர்பார்க்காத கதை. அண்ணாச்சி தேய்த்துக்கொண்டே ரிஜிஸ்டரைப் படித்திருக்கிறார், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை. இந்த நூலகத்தில் அந்த நோட்டை முழுசாகப் படித்த ஒரே ஆள் அவர்தான், நான்கூடப் படித்ததில்லை. படித்ததை அவர் மனசோடு வைத்துக்கொள்ளவும் இல்லை. டீக்கடையில் உட்கார்ந்து, "அந்த மாடி வீட்டுக்காரரு ரெண்டே ரெண்டு புஸ்தகம்தான் குடுத்திருக்காரு, அதுலயும் ஒண்ணு பஞ்சாங்கம்" என்று சொல்லியிருக்கிறார். அடுத்த நாள் காலையில் என் வீட்டு வாசலில் ஒரு பை நிறையப் புத்தகம். கொடுத்துவிட்டுப் போனவரின் முகத்தை வர்ணிக்க மாட்டேன். இந்த வழியில் அந்த வாரம் வந்த புத்தகங்களை வைத்தே ஒரு தட்டு நிறைந்தது. தெரிந்து செய்தாரா, தெரியாமல் செய்தாரா என்று கேட்டுப் பார்த்தேன். "நான் உள்ளததான சொன்னேன்" என்றார்.

என் நீலக் கறை வரிகளில் ஈரத்தோடு இருந்தபோது கொஞ்சம் கொஞ்சம் தெரிந்த பெயர்களை அவர் நினைவில் வைத்திருந்ததால் பதினோரு வரிகளைத் திரும்ப எழுத முடிந்தது. காசு நீட்டினேன், வாங்கவில்லை. கரிக்காவது வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன், அதுவும் இல்லை. இருபது ரூபாய் எடுத்து நீட்டினார். உறுப்பினர் கட்டணமாம். இந்த வட்டாரத்தில் யாரையெல்லாமோ உறுப்பினர் ஆக்க நடையாய் நடந்த நான், வாரம் இரண்டு முறை என் புடவைகளை அவரிடம் கொடுத்து வாங்கியபோது ஒருநாள்கூட அவரைக் கேட்கவில்லை. படிக்க மாட்டார் என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன். இதை எழுதும்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மேல்தட்டில் தப்பித்த புத்தகங்களை டிராக்டரில் ஏற்றி மேட்டுத் தெருப் பள்ளிக்கு அனுப்பிய மாமா, சேறு வாரிய சுயஉதவிக் குழு அக்காமார், ரேக்கைக் கழுவித் துருவைத் தேய்த்த கல்லூரிப் பிள்ளைகள், சென்னைப் புத்தகக் காட்சியில் பட்டியலை வைத்துக்கொண்டு அரங்கு அரங்காக அலைந்த நம் ஊர் ஐ.டி. பையன்கள், சிங்கப்பூரிலிருந்து பணம் அனுப்பிவிட்டுப் பெயர் சொல்லக் கூடாது என்ற அண்ணன், கழிவில்லாத புத்தகத்துக்கும் கழிவு போட்டுத் தந்த பதிப்பகத்தார். எல்லோருக்கும் கை கூப்புகிறேன். பழைய பிளஸ் டூ கைடுகளையும், பாதிக்கு மேல் பூர்த்தி செய்த குறுக்கெழுத்துப் புத்தகங்களையும் மூட்டை கட்டி அனுப்பியவர்களுக்கும் நன்றி. பழைய பேப்பர் கடையில் நல்ல விலை கிடைத்தது, அதில் இரண்டு அகராதி வாங்கினோம்.

குழந்தைகள் புத்தகம்தான் அடியோடு போனது. கை எட்ட வேண்டுமென்று கீழ்த்தட்டில் வைத்திருந்தோம். படப் புத்தகங்களின் வழவழத் தாள் நனைந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், காய்ந்தபின் செங்கல் மாதிரி ஆகிவிடும். அதற்கு அண்ணாச்சியின் பெட்டியாலும் வழியில்லை. இனி அந்தத் தட்டை உயரத்தில் வைக்கச் சொல்லிப் பலர் யோசனை சொன்னார்கள். கூட்டத்தில் இதைப் பற்றிக் கொஞ்சம் சத்தமாகவே பேசினோம். புத்தகம் பயன்படுவதற்குத்தான் என்பது ரங்கநாதன் 1931-ல் எழுதிவைத்த முதல் விதி. நாலு வயசுக் குழந்தைக்கு எட்டாத படப் புத்தகம் யாருக்குப் பயன்படும்? கீழேயே இருக்கட்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். தட்டுக்குப் பதிலாகத் தக்காளி வருகிற பிளாஸ்டிக் கிரேட்டுகளில் அடுக்கியிருக்கிறோம். மழை எச்சரிக்கை வந்தால் கிரேட்டோடு தூக்கி மாடிப்படியில் வைத்துவிடலாம். யார் எந்தக் கிரேட்டைத் தூக்குவது என்று பெயர் ஒட்டியாகிவிட்டது. அக்டோபர் பிறந்ததும் ஒருமுறை ஒத்திகை பார்ப்போம்.

சரி, இனி நிகழ்ச்சிகள்.

டிசம்பர் 24-ம் தேதி வருவதாக இருந்த எழுத்தாளர் யாரென்று உங்களுக்குத் தெரியும். வெள்ளம் வடிந்த இரண்டாம் நாள், சிக்னல் கிடைத்த முதல் அரைமணி நேரத்தில் வந்த போன்களில் ஒன்று அவருடையது. "கூட்டத்த ரத்து பண்ணிராதீங்க, தள்ளி வைங்க" என்றார். ஜனவரி 26 அன்று அவர்தான் பேசுகிறார். மூன்று நிபந்தனை போட்டிருக்கிறார். ஃபிளெக்ஸ் கூடாது, பொன்னாடை கூடாது, பஸ் செலவு தரக் கூடாது. பொன்னாடைக்கு ஒதுக்கிய காசில் அவருக்கு ஒரு துண்டு வாங்கலாமா என்று கேட்டேன், அதற்கும் சிரித்துக்கொண்டே இல்லை என்றுவிட்டார்.

பிப்ரவரி 11, ஞாயிறு காலை பத்து மணிக்குச் சிறுவர் கதை எழுதும் அம்மா ஒருவர் மதுரையிலிருந்து வருகிறார். மேடை கிடையாது, பாயில் உட்கார்ந்து கதை. பெரியவர்கள் பின்னால் உட்காரலாம், பேசக் கூடாது. பிப்ரவரி 21, உலகத் தாய்மொழி நாள் அன்று வெளியூரிலிருந்து யாரையும் கூப்பிடவில்லை. நம் ஊர் ஆச்சிகள் ஆற்றுக் கதைகள் சொல்வார்கள், பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். இதற்கு முன்னால் வந்த வெள்ளங்களை நேரில் பார்த்தவர்கள் அவர்கள். மாதாமாதம் இரண்டாம் சனிக்கிழமை அதே டிராக்டரில் புத்தகம் ஏற்றி, இன்னும் வீடு சரியாகாத தெருக்களுக்குப் போகலாமென்று இருக்கிறோம். 1931-ல் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியிலேயே நூலகம் ஓடியிருக்கிறது. நமக்கு டீசல் காசு மட்டும்தான் பிரச்சினை. மாமா பாதி ஏற்றுக்கொண்டார்.

ஜனவரி 26-ல் எழுத்தாளர் ஐந்தரை மணிக்குத்தான் பேசுவார். நாலு மணியிலிருந்து அதுவரை இன்னொரு வேலை இருக்கிறது, அதற்கு நீங்கள் வந்தாக வேண்டும். அண்ணாச்சி தேய்த்துக் கொடுத்த ரிஜிஸ்டர் மேஜைமேல் விரித்து இருக்கும். பதினோரு வரி போக, அழிந்த வரிகள் இன்னும் நிறைய. நீங்கள் கொடுத்த புத்தகம் எது, என்றைக்குக் கொடுத்தீர்கள் என்று நினைவிருப்பதைச் சொல்லுங்கள். புத்தகம் இப்போது இல்லாவிட்டாலும் வரி இருக்கட்டும். தப்பாகச் சொன்னால் திருத்துவதற்கு அண்ணாச்சி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். கூட்டிச் சொல்ல நினைக்கிறவர்கள் யோசித்துக்கொள்ளவும்.

எழுதப்போவது நான் இல்லை, அந்தப் பெண். பால்பாயிண்ட் பேனா கைவசம் இருந்தால் ஒன்று கொண்டு வாருங்கள்.