ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றும் முன்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011-இல் தொடங்கியது. அண்ணனுக்கு ஒன்று, சில ஆண்டு கழித்துத் தங்கைக்கு ஒன்று என்று ஏறக்குறைய ஒரே மாதிரியான இரண்டு லேப்டாப் இருக்கும் வீடுகள் உண்டு. ஒன்றின் திரை உடைந்துவிட்டால் அல்லது மதர்போர்டு போய்விட்டால், அதன் ஹார்ட் டிஸ்க்கை மற்றதில் மாட்டி அப்படியே ஓட்டலாமா என்று கேட்கிறார்கள். பெரும்பாலும் ஓட்டலாம். கழற்றி மாட்ட கால் மணி நேரம் போதும். ஆனால் பழைய லேப்டாப் உயிரோடு இருக்கும்போதே முடிக்க வேண்டிய வேலைகள் சில இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டுத்தான் பலர் படங்களையும் புராஜெக்ட் ஃபைல்களையும் இழக்கிறார்கள்.

முதல் வேலை பேக்கப். டிஸ்க்கில் 'டக் டக்' என்று சத்தம் வந்தாலோ, ஃபைல் திறக்கும்போது அடிக்கடி உறைந்து நின்றாலோ, அதை இடம் மாற்றிப் பயனில்லை. தேவையானவற்றை உடனே வேறிடத்தில் எடுத்துவைத்துவிட வேண்டும். 'கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவச மென்பொருள் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும். அதில் மஞ்சள் நிறத்தில் 'காஷன்' என்று வந்தால் அந்த டிஸ்க்கை நம்பக் கூடாது.

அடுத்தது பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி. ஆளைக் கவிழ்ப்பது பெரும்பாலும் இதுதான். விண்டோஸ் 10, 11 உள்ள லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்திருந்தால், ஹோம் பதிப்பிலும்கூட அதன் எளிய வடிவமான 'டிவைஸ் என்க்ரிப்ஷன்' தானாகவே இயங்கிக்கொண்டிருக்கலாம். டிஸ்க்கில் உள்ளது முழுவதும் பூட்டப்பட்டிருக்கும். சாவியோ பழைய மதர்போர்டில் உள்ள டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்பில் இருக்கும். வேறு லேப்டாப்பில் மாட்டியதும் நீலத் திரை வந்து, ஆறு ஆறாக எட்டுத் தொகுதி, மொத்தம் 48 இலக்க எண்ணைக் கேட்கும். உரியவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் பதிவாகியிருக்கும் வாய்ப்பு உண்டு; போனிலேயே பார்த்து எழுதிக்கொள்ளலாம். அங்கும் இல்லை, வேறெங்கும் எடுத்து வைக்கவும் இல்லை என்றால் டேட்டா போனது போனதுதான், எந்தக் கடைக்காரராலும் திறக்க முடியாது. ஆகவே கழற்றும் முன் செட்டிங்ஸில் போய் என்க்ரிப்ஷனை அணைத்து, அது முழுவதும் முடியும்வரை சார்ஜரைப் பிடுங்காமல் காத்திருக்க வேண்டும். பெரிய டிஸ்க்காக இருந்தால் சில மணி நேரம்கூட ஆகும். திரை மட்டும்தான் உடைந்திருக்கிறது என்றால் எச்டிஎம்ஐ கேபிளில் வீட்டு டிவியை இணைத்து இதைச் செய்துவிடலாம். பயாஸில் (ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை மென்பொருள்) ஹார்ட் டிஸ்க் பாஸ்வேர்டு போட்டிருந்தால் அதையும் எடுத்துவிட வேண்டும். ஒரு நிறுவனத்தின் பயாஸ் அந்தப் பாஸ்வேர்டை டிஸ்க்குக்கு அனுப்பும் முறை இன்னொன்றில் மாறுவதால், சரியான பாஸ்வேர்டைத் தட்டினாலும் திறக்காமல் போகலாம்.

பிறகு பயாஸுக்குள் போய் இரண்டு இடங்களைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, சாட்டா மோடு (டிஸ்க்கோடு லேப்டாப் பேசும் முறை) ஏஎச்சிஐயா, ரெய்டா, ஐடிஇயா என்பது. மற்றது, பூட் மோடு (லேப்டாப் விண்டோஸைத் தொடங்கும் முறை) யுஇஎஃப்ஐயா, லெகசியா என்பது. புதிய லேப்டாப்பில் இவை வேறாக இருந்தால், 'இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்' என்ற நீலத் திரையோ, 'பூட் டிவைஸ் இல்லை' என்ற செய்தியோ வரும். டிஸ்க் கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். பழைய அமைப்பை அப்படியே புதியதிலும் வைத்துவிட்டால் பல நேரம் எழுந்துகொள்ளும். விண்டோஸ் 7 இதில் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். விண்டோஸ் 10 வளைந்துகொடுக்கும்.

அணைக்கும்போது ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே 'ஷட் டவுன்' கொடுங்கள். வழக்கமாக அணைத்தால் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' காரணமாகப் பழைய வன்பொருளின் நிலை டிஸ்க்கில் சேமிக்கப்பட்டிருக்கும். வேறு லேப்டாப்பில் அதைத் தொடரப் பார்க்கும்போது விண்டோஸ் தடுமாறும்.

இனி கழற்றும் வேலை. சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியை எடுத்து, பவர் பட்டனை 15 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பேட்டரி உள்ளேயே இருக்கும் மாடலில் மூடியைத் திறந்ததும் முதலில் பேட்டரி கனெக்டரை விடுவிக்க வேண்டும். தலைக்குப் பொருந்தாத திருப்புளியைப் போட்டுத் திருகினால் ஸ்க்ரூ தலை வழுக்கிப்போய் வேலை இரட்டிப்பாகும். 2.5 அங்குல டிஸ்க் உலோகத் தட்டில் நான்கு எம்3 ஸ்க்ரூக்களால் பிடிக்கப்பட்டிருக்கும். சில மாடலில் இருபுறமும் ரப்பர் பட்டைதான். தட்டு அந்தந்த மாடலுக்கென்றே செய்தது. எனவே டிஸ்க்கைத் தட்டோடு மாற்றாமல், புதிய லேப்டாப்பின் தட்டில் பழைய டிஸ்க்கைப் பொருத்துங்கள். தடிமனையும் பாருங்கள்: 9.5 மி.மீ. டிஸ்க், 7 மி.மீ. இடத்தில் நுழையாது. 7 மி.மீ. டிஸ்க்கை 9.5 மி.மீ. இடத்தில் வைத்தால் ஆடும், சுற்றிலும் பிளாஸ்டிக் சட்டம் தேவை. கனெக்டரிலிருந்து உருவும்போது மேலே தூக்காமல், டிஸ்க்கைக் கிடைமட்டமாகப் பின்னோக்கி இழுக்க வேண்டும். தூக்கினால் சாட்டா கனெக்டரின் மெல்லிய பிளாஸ்டிக் நாக்கு முறிந்துவிடும். ரிப்பன் கேபிளும் கிழியும். டிஸ்க்கின் மேல்மூடியில் கட்டைவிரலை அழுத்த வேண்டாம், உள்ளே தகடு சுழலும் இடம் அது.

சிறிய பலகை வடிவில் வரும் எம்.2 எஸ்எஸ்டி என்றால் நீளம் மட்டுமல்ல, வகையும் பொருந்த வேண்டும். சாட்டா வகையை, என்விஎம்இ என்ற மற்றொரு வகையை மட்டும் ஏற்கும் இடத்தில் சொருகினால் அது பயாஸில் தெரியவே தெரியாது.

முதல் முறை ஆன் செய்யும்போது 'டிவைஸ்களைத் தயார்படுத்துகிறது' என்று நெடுநேரம் நிற்கும், அவசரப்பட்டு அணைக்காதீர்கள். வைஃபை கார்டு வேறாக இருந்தால் நெட் வராமல் போகலாம். போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து அதன் நெட்டைப் பகிரும் டெதரிங்கைப் போட்டால், வன்பொருளை இயக்கும் மென்பொருளான டிரைவர்களை இறக்கிக்கொள்ளலாம். லேப்டாப்போடு வந்த விண்டோஸ் உரிமம் மதர்போர்டோடு ஒட்டியது. புதிய லேப்டாப்பிலும் அதே பதிப்புக்கு உரிமம் இருந்தால் நெட் வந்ததும் ஆக்டிவேட் ஆகிவிடும்; ஹோம், புரோ என்று பதிப்பு மாறினால் ஆகாது. லினக்ஸில் இந்தத் தொல்லை இல்லை, டிரைவர்களும் அதன் மையப் பகுதியான கெர்னலிலேயே பெரும்பாலும் இருக்கும். யுஇஎஃப்ஐ முறையில் மட்டும் பூட் பட்டியலில் அதன் பெயர் பழைய மதர்போர்டிலேயே தங்கிவிடுவதால், புதியதில் அதைச் சேர்க்க நேரலாம்.

ஃபைல்கள் மட்டும் போதும் என்பவர்களுக்கு இவ்வளவும் வேண்டாம். 2.5 அங்குல யுஎஸ்பி 3.0 பெட்டி ஒன்றில் டிஸ்க்கைப் போட்டு, பென் டிரைவ் போலச் செருகி நகலெடுத்துக்கொள்ளலாம். பிட்லாக்கர் எண் அப்போதும் தேவைப்படும்.

சர்வீஸ் கடை நடத்துவோருக்கும் ஒரு வேண்டுகோள். நீலத் திரை வந்ததும் ஃபார்மட் செய்து புதிதாக விண்டோஸ் போடுவது எளிது. ஆனால் அந்த டிஸ்க்கில் இருப்பது பல ஆண்டுப் படிப்பாக இருக்கலாம். பயாஸ் அமைப்பை மாற்றிப் பார்த்த பிறகே ஃபார்மட்டைப் பற்றி யோசியுங்கள். 'டேட்டா வேண்டுமா' என்று கேட்டு, வாடிக்கையாளர் சொல்லும் பதிலை ரசீதிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
லேப்டாப் பழுதுநீக்கும் தொழிலாளர்கள் சிலர்,
மதுரை.