கரங்கஹாகே ரயில் பாதை நடை: பெற்றோர் கவனத்திற்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். மார்ச் மாதம் இரண்டாம் சனிக்கிழமை நம் தமிழ்ப் பள்ளியில் வகுப்பு கிடையாது. அன்று பிள்ளைகளை ஆக்லாந்துக்குத் தென்கிழக்கே உள்ள கரங்கஹாகே பள்ளத்தாக்குக்கு அழைத்துப் போகிறோம். பேரோவாவுக்கும் வைஹிக்கும் நடுவே, ஓஹினெமூரி ஆற்றை ஒட்டி ஓடிய பழைய ரயில் பாதையில் நடை. வைஹி தங்கச் சுரங்கங்களுக்கு நிலக்கரியும் இயந்திரங்களும் போன தடம் இது. 1905இல் வைஹி வரை ரயில் ஓடத் தொடங்கியது. 1978இல் கைமாய் மலையைக் குடைந்த புதிய பாதை திறந்ததும் இங்கே ரயில் நின்றது.

நடை இரண்டு பகுதி. முதலாவது, சுமார் 1.1 கிலோமீட்டர் நீளமுள்ள ரயில் குகைக்குள் நடந்து வெளியே வந்து, ஆற்றங்கரை வழியாகத் திரும்பும் சுற்று. ஏறத்தாழ ஒரு மணி நேரம். தரை சமமாக இருக்கும், சின்னப் பிள்ளைகளும் நடக்கலாம். இரண்டாவது, வைட்டாவேட்டா ஆற்றின் மேலே பாறைக்குள் போகும் 'ஜன்னல் நடை'. சுரங்கத்தார் தங்கக் கல்லைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்த குறுகிய வழி அது. கழிவுக் கல்லை ஆற்றில் கொட்டுவதற்காகப் பாறையைக் குடைந்து விட்ட திறப்புகள்தான் அந்த ஜன்னல்கள். படிகளும் தொங்குபாலங்களும் உண்டு. தரையில் பழைய தண்டவாளமும் கட்டைகளும் சில இடங்களில் அப்படியே கிடக்கின்றன, ஈரத்தில் வழுக்கும். ஆகவே இதற்கு எட்டு வயதுக்கு மேற்பட்டவர்கள் மட்டும், நான்கு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் வீதம். தம்பி தங்கையரையும் சேர்த்து அனுப்பச் சொல்லி வற்புறுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

டார்ச் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்படிப்பட்ட நடைகளில் பெரும்பாலான தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. ரயில் குகையில் விளக்குகள் இருந்தாலும் வெளிச்சம் மங்கல்தான், ஜன்னல் நடையில் விளக்கே இல்லை. தலையில் மாட்டும் டார்ச்தான் வேண்டும், ஒரு பிள்ளைக்கு ஒன்று. செல்போன் வெளிச்சம் போதாது என்பதைவிட, அது ஒரு கையைப் பிடித்துக்கொள்கிறது என்பதே பிரச்சினை. கைப்பிடிக் கம்பியைப் பற்ற இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். பேட்டரியை வெள்ளிக்கிழமை இரவு மாற்றுங்கள், பழையதை நம்பி அனுப்பாதீர்கள். எதிரே வரும் முகத்தில் ஒளி அடிக்காமல் விளக்கைக் கீழே சாய்த்துக்கொள்ள வீட்டிலேயே பழக்குங்கள். ரயில் குகைக்குள் சைக்கிள்களும் வரும். எப்போதும் இடது பக்கம், ஒருவர் பின் ஒருவர்.

ஜன்னல் நடையின் இருட்டில் பிள்ளைகள் பார்க்கப்போவது ஒளிவிடும் ஒரு புழு. பார்த்ததும் 'மின்மினி' என்பார்கள். மின்மினி வண்டு இனம். இது கொசுவைப் போன்ற ஒரு சிறு பூச்சியின் புழு. பாறையின் கூரையில் இருந்து பசை முத்துகள் கோத்த நூல்களைத் தொங்கவிட்டு, நீலப்பச்சை ஒளியால் சிறு பூச்சிகளை ஏமாற்றி இழுத்துச் சாப்பிடுகிறது. டார்ச் ஒளி பட்டாலும் சத்தம் கேட்டாலும் ஒளி அணைந்துவிடும். நூலைத் தொட்டால் இரை பிடிக்கும் வலையே அறுந்துபோகும். எனவே அந்த இடத்தில் எல்லோரும் டார்ச்சை அணைத்து, சுவரை ஒட்டி, இரண்டு நிமிடம் பேசாமல் நிற்பார்கள். கண் இருட்டுக்குப் பழக அவ்வளவு நேரமாவது வேண்டும்.

காலணியையும் கவனியுங்கள். இந்நாட்டுக்கே உரிய கவுரி (kauri) மரங்களை வேரிலிருந்து கொல்லும் நோய் மண்ணோடு பரவுகிறது. நம் ஆக்லாந்தின் வைடாக்கரே காடுகளில் அது இருக்கிறது. ஊசித்தலை அளவு மண்ணே அதைக் கொண்டுபோகப் போதும். பழைய பல்துலக்கியால் அடித்தட்டின் பள்ளங்களில் இருக்கும் மண்ணை முழுவதும் சுரண்டி, கழுவி, காயவைத்து அனுப்புங்கள். மருந்து தெளிப்பது மண்ணை நீக்கியதற்குப் பிறகுதான் பயன்படும். பிடிமானம் தேய்ந்த ஓட்டக் காலணி வேண்டாம்.

குகைக்குள் குளிரும், மேலிருந்து நீர் சொட்டும். ஜீன்ஸ் நனைந்தால் காயாது. பாலியஸ்டர் உடையும் மழைக்கோட்டும் கொடுங்கள். வெளியே வெயில் மேகத்துக்குள்ளிருந்தும் சுடும் நாடு இது, சன்ஸ்கிரீன் மறக்க வேண்டாம். மதிய உணவுக்குத் தயிர் சாதம் பஸ் சூட்டில் புளித்துவிடும். எலுமிச்சை சாதமோ புளியோதரையோ நல்லது. புளியோதரையில் நிலக்கடலை போடாதீர்கள், ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் நம்முடன் வருகிறார்கள். ஒரு லிட்டர் தண்ணீர் போதும். இனிப்புப் பானம் வேண்டவே வேண்டாம்: மார்ச்சில் குளவிகள் அதிகம், திறந்த டின்னுக்குள் நுழைந்துவிடும். ஒவ்வாமை ஊசி வைத்திருக்கும் பிள்ளை அதைத் தன் பையிலேயே வைத்திருக்க வேண்டும், பஸ்ஸில் அல்ல.

பழைய சுரங்க வாய்கள் வழியெங்கும் உள்ளன. அடைத்த கம்பியைத் தாண்டவே கூடாது. உள்ளே காற்று கெட்டிருக்கலாம், தரை இடிந்து விழலாம். இதைப் பள்ளியில் சொல்வோம், நீங்களும் ஒரு முறை சொல்லுங்கள்.

திரும்புவதற்கு முன் வைக்கினோ ஊரில் இறங்குவோம். அங்கே விக்டோரியா ஆலையில் 200 இரும்பு உலக்கைகள் வைஹி கல்லை இடித்தன. உரலும் உலக்கையும் தெரிந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அது உடனே புரியும். இடித்த கல்லில் பாதரசத்தோடு ஒட்டாத நுண் தங்கத்தைச் சயனைடு கரைசல் பிரித்தெடுத்தது. உலகில் வணிக அளவில் முதன்முதலாக 1889இல் அந்த முறையைப் பயன்படுத்தியது கரங்கஹாகேயின் கிரவுன் ஆலையில்தான். கழிவு ஆற்றிலேயே போனது. 1895இல் அரசே இந்த ஆற்றைக் கழிவு கொட்டக்கூடிய 'சேற்றுக் கால்வாய்' என்று அறிவித்தது. நம் பக்கத்துக் கோலார் தங்கவயலில் சயனைடு கழிவு மேடுகள் இன்றும் மலைபோல் நிற்கின்றன. அங்கே ஆழத்தில் உழைத்தவர்களில் ஏராளமானோர் வட ஆர்க்காட்டுத் தமிழர்கள். உங்கள் குடும்பத்தில் தங்கவயல்காரர் யாராவது இருந்தால், பஸ்ஸில் பத்து நிமிடம் பேச வாருங்கள், பிள்ளைகளுக்கு இரண்டு ஊரும் ஒன்றாகப் புரியும்.

மழையைப் பற்றி ஒன்று. இந்த ஆறு வேகமாக ஏறும். 1981 வெள்ளத்தில் வைக்கினோ ஊரின் பெரும்பகுதி அழிந்தது. கனமழை எச்சரிக்கை இருந்தால் பயணம் கிடையாது. பாறை சரிந்து ஜன்னல் நடை மூடப்பட்டிருந்தால் ரயில் குகைச் சுற்று மட்டும். முடிவை வெள்ளி மாலை 6 மணிக்குக் குறுஞ்செய்தியில் தெரிவிப்போம்.

காலை 7.15க்குப் பள்ளி வாசலில் இருங்கள், 7.30க்குப் பஸ் கிளம்பும். பேரோவா வரை சாலை நேர், அதன்பின்தான் வளைவுகள். வாந்தி வரும் பிள்ளைகளுக்கு இட்லி இரண்டு போதும், மாத்திரையை ஏறும் முன்பே கொடுத்துவிடுங்கள். மாலை 5 மணிக்குத் திரும்புவோம். சம்மதப் படிவத்தில் ஒவ்வாமை, ஆஸ்துமா, இருட்டுப் பயம் மூன்றையும் மறைக்காமல் எழுதுங்கள். இருட்டுக்கு அஞ்சும் பிள்ளையை ஆசிரியருக்குப் பக்கத்திலேயே நடத்திக்கொண்டு போவோம். படிவம் அடுத்த சனிக்கிழமை வகுப்பாசிரியரிடம் சேர வேண்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்