உயர்தரத்தில் சுற்றாடல் விஞ்ஞானம் வேண்டும், தமிழிலும் வேண்டும்

செயலாளர் அவர்கள்,
கல்வி அமைச்சு, இசுருபாய, பத்தரமுல்லை.

ஐயா / அம்மணி,

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறோம். க.பொ.த. உயர்தரத்தில் எந்தப் பிரிவு மாணவரும் எடுக்கக்கூடிய தனிப்பாடமாகச் சுற்றாடல் விஞ்ஞானம் வர வேண்டும், தமிழ் மொழிமூலத்திலும் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும்.

தரம் 5 வரை பிள்ளைகள் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் படிக்கிறார்கள். அப்புறம் அது விஞ்ஞானம், புவியியல் என்று சிதறிப்போகிறது. வர்த்தகம் படிக்கிற பிள்ளைதான் நாளைக்குத் தொழிற்சாலை நடத்தும், கலைப்பிரிவுப் பிள்ளைதான் மாநகர சபையில் கோப்பில் கையெழுத்து வைக்கும், கழிவுநீர் எங்கே போக வேண்டும் என்று முடிவெடுக்கப்போகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்காமல் விட்டால் எப்படி?

2017 சித்திரைப் புத்தாண்டு அன்று கொழும்புக்குப் பக்கத்தில் மீத்தொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 30 பேருக்கு மேல் இறந்தார்கள். 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து கரையெல்லாம் பிளாஸ்டிக் மணிகள் ஒதுங்கின. நடுவில் 2018இல் இதே கொழும்புக்கு, ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச ராம்சார் உடன்படிக்கையின் கீழ், ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரமும் கிடைத்தது! குப்பைக்குள் மெதேன் எப்படி உண்டாகிறது, ஈரநிலத்தை நிரப்பினால் வெள்ளம் ஏன் வீட்டுக்குள் வருகிறது என்பதெல்லாம் இங்கே பாடப்புத்தகத்துக்கு வெளியே கண்ணெதிரே நடக்கிற விஷயங்கள்.

மழை விட்டதும் வெள்ளவத்தைக் கால்வாய்ப் பக்கம் ஒருமுறை வந்து பாருங்கள். லஞ்ச் ஷீட்டும் யோகட் கப்பும் மிதக்கும், இடையில் கபரகொய்யா ஒன்று நீந்திப் போகும். அந்தத் தண்ணீரைப் போத்தலில் எடுத்து, கரைந்த ஒட்சிசன் எவ்வளவு என்று பார்ப்பதுதான் நாங்கள் கேட்கிற செயன்முறை. பெரிய ஆய்வுகூடம் எல்லாம் தேவையில்லை.

பாடசாலைகளில் மாணவரின் சுற்றாடல் முன்னோடிக் குழுக்கள் இருக்கின்றனவே என்பீர்கள். சரி, நல்ல வேலைதான். ஆனால் பாடசாலை விட்டதும் ரியூஷனுக்கு ஓடுகிற பிள்ளை பரீட்சைக்கு வராத எதற்கும் நேரம் ஒதுக்காது, பெற்றோர் நாங்களும் விடமாட்டோம், உள்ளதைத்தான் சொல்கிறோம்.

தமிழ் நூல் பிறகு வரும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வவுனியாப் பல்கலைக்கழகத்தில் சுற்றாடல் விஞ்ஞானத்தில் பட்டமே படிக்கலாம், அங்கே படித்து வெளியேறுகிறவர்களை ஆசிரியர்களாக எடுங்கள், நூல் எழுதும் குழுவிலும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கோரிக்கையைப் பாடத்திட்டக் குழுவில் எடுக்கும்படி மஹரகம தேசிய கல்வி நிறுவகத்துக்கு எழுதி, அதன் பிரதி ஒன்றை எங்களுக்கும் தமிழில் அனுப்பிவையுங்கள்.

இங்ஙனம்,
தமிழ் மொழிமூல மாணவரின் பெற்றோர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.