தோட்டங்களில் சுகாதார ஆய்வு: யாரைக் கூப்பிடுகிறார்கள்?

ஆசிரியருக்கு,

மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சுகாதார ஆய்வென்று வருகிறவர்கள் இப்போது ‘பங்கேற்பு முறை’, அதாவது சனங்களையே சேர்த்துக்கொண்டு ஆராய்வது, என்ற சொல்லோடுதான் வருகிறார்கள். நடப்பதோ, தோட்ட அலுவலகம் கொடுத்த பெயர்ப் பட்டியலை வைத்துப் பதினைந்து பேரைக் கூட்டி, கேள்வி கேட்டு, மீன் வைத்த மாலுபாணும் தண்ணீர்ப் போத்தலும் கொடுத்து அனுப்புவது. 2016 குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் இலங்கை முழுவதும் சுமார் 17 வீதம். தோட்டப்புறத்தில் சுமார் 32 வீதம். ஏன் இந்த வித்தியாசம் என்பதைச் சனங்களோடு உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும்.

முதலில் நேரம். வேலை நாளில் கூப்பிட்டால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகிறது. அந்தச் சம்பளத்தை ஆய்வுச் செலவிலேயே ஒதுக்க வேண்டும். மாலையில் வைத்தால் அடுப்பு காத்திருக்கும், பாதியில் எழுந்து போவார்கள். ஆறு முதல் எட்டுப் பேர், ஒன்றரை மணி நேரம் போதும். வேலையை மேற்பார்க்கும் கங்காணியையும் அவர் மலையில் கொழுந்தெடுக்கும் பெண்களையும் ஒரே வட்டத்தில் உட்கார வைத்தால் கங்காணி மட்டும்தான் பேசுவார்.

காலையில் வேலைக்குக் கூடும் பெரட்டுக் களத்துத் தரையிலேயே தோட்டத்தின் வரைபடம் போடலாம். வரிசை வீடான லயத்துக்குச் செங்கல் துண்டு, தண்ணீர் பிடிக்கும் பீலிக்குச் சிரட்டை, கக்கூசுக்குக் கல். ஆண்கள் தனியாக, பெண்கள் தனியாகப் போடட்டும். மலையில் கக்கூசு இல்லாததால் பகலில் தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பெண்கள் உண்டு. ஆண்கள் போடும் படத்தில் மலை பெரும்பாலும் வெறும் பச்சைதான். பிறகு பன்னிரண்டு மாதத்துக்கும் கோடு கிழித்து, அறுபது புளியங்கொட்டையைக் கொடுத்து, வயிற்றோட்டம் எந்த மாதத்தில் எவ்வளவு என்று பிரித்து வைக்கச் சொல்லலாம். அந்தக் கொட்டைகளை எண்ணி வீதமாக்கி அறிக்கையில் போடுகிறார்களே, அது வீண் வேலை. ஒரு கொட்டையை மேயிலிருந்து ஜூனுக்கு நகர்த்தும்போது நடக்கும் வாக்குவாதம்தான் தரவு. அதை எழுதிக்கொள்ளத் தனியாக ஒருவர் வேண்டும்.

வட்டத்தில் சொன்னது பொழுது சாய்வதற்குள் லயமெல்லாம் பரவிவிடும். குடி, அடி, குடும்பக் கட்டுப்பாடு பற்றிக் குழுவில் சொந்தக் கதை கேட்கவே கூடாது. தனியாகக் கேட்பதும் லயத்து அறையான காம்பராவுக்குள் வேண்டாம், சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும். கோயில் மண்டபமோ, பிள்ளைகள் போனபின் அவர்களைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவமோ நல்லது. தோட்டத் தலைவர் சம்மதித்துவிட்டார் என்பதற்காக எல்லோரும் சம்மதித்ததாகாது. ஒவ்வொருவரிடமும் வாயால் கேட்க வேண்டும். கையெழுத்து என்றாலே பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள்.

“ஒடம்பு அடிச்சிப் போட்டாப்ல இருக்கு” என்றால் அப்படியே எழுதுங்கள். அது ‘சோர்வு’ என்று மொழிபெயர்ந்து போனால் நோவும் போய்விடும், எந்த வேலையால் வந்தது என்பதும் போய்விடும்.

வரைபடத்தைப் படம் பிடித்துக்கொண்டு, பெரிய தாளில் ஒரு பிரதியைத் தோட்டத்திலேயே விட்டுவர வேண்டும். அறிக்கை முடிவதற்கு முன் ஒருமுறை திரும்பி வந்து, எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். அந்தப் பயணத்துக்கான வேன் வாடகையை முதல் நாளே வரவு செலவுத் திட்டத்தில் எழுதாவிட்டால், யாரும் திரும்பி வருவதில்லை.

சமூக சுகாதாரக் கள ஆய்வாளர்கள் சிலர்,
ஹட்டன்.