அபராதம் கட்டிவிட்டுத் தப்பிக்கும் கட்சிகள்

ஆசிரியருக்கு,

பெண்களுக்கு ஒதுக்கீடு என்றதும் "தகுதி என்னாவது?" என்று கேட்பவர்கள், ஆண்களுக்கு சீட்டு கொடுத்தபோது எந்தத் தகுதியைப் பார்த்தார்களாம்? சட்டம் வந்தாலும் கட்சிகள் சந்து கண்டுபிடித்துவிடுகின்றன, அதுதான் தலைவலி. மெக்சிகோவில் 2009-இல் ஜெயித்த எட்டுப் பெண்கள் வந்த கையோடு விலக, மாற்று வேட்பாளர்களாக முன்பே பெயர் கொடுத்திருந்த ஆண்கள் அந்த நாற்காலிகளில் போய் உட்கார்ந்தார்கள். அப்புறம் 2011-இல் தேர்தல் தீர்ப்பாயம் தலையிட்டு, பெண்ணுக்கு மாற்று பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்றது. பிரான்சில் 2000-இல் சமநிலைச் சட்டம் (வேட்பாளர்களில் ஆணும் பெண்ணும் சரிபாதி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கட்சிக்குக் கிடைக்கும் அரசு நிதி குறையும்) வந்தும், நிதி குறைந்தால் குறையட்டும் என்று பெரிய கட்சிகள் ஆண்களையே அதிகம் நிறுத்தின (பணம் இருந்தால் அபராதம் ஒரு பொருட்டா!). சதவீதத்துக்கு மல்லுக்கட்டுவது சரி, மீறினால் வேட்பாளர் பட்டியலையே ஏற்கக் கூடாது என்று சட்டத்தில் எழுதுங்கள்; அர்ஜென்டினா 1991-லேயே எழுதிவிட்டது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்