வருகிறவருக்குக் கட்டணம் உண்டு, போகிறவருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஃபார்முலா ஒன்னில் 2026 முதல் கேடிலாக்கும் ஆடியும் இறங்குவதைப் பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். கார் கம்பெனிகள் வரிசை கட்டி வருவதால் இனி இந்தப் பந்தயத்துக்குக் கவலையே இல்லை என்கிற தொனியில் எழுதியிருந்தார் கட்டுரையாளர். 2008, 2009 ஆண்டுகளைப் பார்த்தவர்களுக்கு அந்த நிம்மதி அவ்வளவு சுலபமாக வராது.

2008 டிசம்பரில் ஹோண்டா கடையைக் கட்டியது. அடுத்த ஜூலையில் பிஎம்டபிள்யூ விலகலை அறிவித்தது. நவம்பரில் டொயோட்டா. ஒரு வருடம் முழுதாக முடிவதற்குள் மூன்று பெரிய கைகள் போய்விட்டன. இதில் டொயோட்டா விவகாரம்தான் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. 2012 வரை ஓடுவோம் என்று மற்ற அணிகளோடு சேர்ந்து ஆகஸ்டில் கையெழுத்துப் போட்டவர்கள், மூன்றே மாதத்தில் டோக்கியோவில் செய்தியாளர்களைக் கூப்பிட்டு விடைபெற்றார்கள். அணித் தலைவர் ததாஷி யமாஷினா மேடையிலேயே அழுதுவிட்டார். எட்டு ஆண்டு ஓடியும் ஒரு பந்தயம்கூட ஜெயிக்காத அணி அது. பாவம், அவருக்கு அந்த முடிவில் எவ்வளவு பங்கு இருந்திருக்கும்? இயக்குநர் குழு எடுத்த முடிவுக்காக மேடையில் வந்து நிற்க வேண்டியவர் அவர், அவ்வளவுதான்.

ஹோண்டா விட்டுப்போன அணியின் கதை எல்லோருக்கும் தெரியும். அணித் தலைவராக இருந்த ராஸ் பிரானும் கூட்டாளிகளும் ஒரு பவுண்டு கொடுத்து அதை வாங்கினார்கள். இங்கிலாந்தின் பிராக்லியில் அந்த அணியின் பட்டறையில் வேலை பார்த்த நூற்றுக்கணக்கானவர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். மிச்சமிருந்தவர்கள் மெர்சிடிஸ் என்ஜினை மாட்டி ஓட்டி, 2009-ல் ஓட்டுநர் பட்டம், அணிப் பட்டம் இரண்டையும் வென்றார்கள். அவர்களுடைய ஓட்டுநர் ஜென்சன் பட்டன் முதல் ஏழு பந்தயங்களில் ஆறை ஜெயித்தார். அதே கூடாரம்தான் 2010-ல் மெர்சிடிஸ் ஆனது. இந்த விளையாட்டைத் தாங்கி நிற்பது இப்படிப்பட்ட கூடாரங்களும் அங்கே உள்ள ஃபிட்டர்களும் இன்ஜினியர்களும்தான். வாசலில் தொங்கும் பெயர்ப் பலகை மாறிக்கொண்டே இருக்கும். சுவிட்சர்லாந்தின் ஹின்வில்லில் சாபர் அணி பிஎம்டபிள்யூ ஆனது, மறுபடி சாபர் ஆனது, ஆல்ஃபா ரோமியோ ஆனது, திரும்பவும் சாபர், இப்போது ஆடி.

புதிய அணிகள் விஷயத்திலும் 2009 ஒரு பாடம்தான். அணிச் செலவுக்கு 4 கோடி பவுண்டு உச்சவரம்பு என்று இந்தப் பந்தயத்தின் விதிகளை வகுக்கும் உலக அமைப்பான எஃப்ஐஏவின் அன்றைய தலைவர் மேக்ஸ் மோஸ்லி ஆசை காட்டினார். அதை நம்பிச் சின்ன அணிகள் விண்ணப்பம் போட்டன. பெரிய அணிகள் தனிப் பந்தயம் நடத்துவோம் என்று மிரட்டியதும் அந்த உச்சவரம்பு கைவிடப்பட்டது. விண்ணப்பித்தவர்கள் நட்டாற்றில் நின்றார்கள். யுஎஸ் எஃப்1 அணியின் கார் ஒரு பந்தயத்துக்குக்கூட வரவில்லை. ஹெச்ஆர்டி அணியில் கருண் சந்தோக்கின் காரை 2010 பஹ்ரைனில் பயிற்சி நேரம் முடியும்வரை பாகம் பாகமாகக் கோத்துக்கொண்டே இருந்தார்கள். அந்தக் காரை அவர் முதன்முதலாக ஓட்டியதே தகுதிச் சுற்றில்தான். அதே அணியில் நரேன் கார்த்திகேயன் 2011, 2012 இரண்டு முறையும் மெல்போர்னில், தகுதிச் சுற்றின் முதல் பகுதியில் மிக வேகமான காரின் நேரத்தில் 107 சதவீதத்துக்குள் வர முடியாமல் பந்தயத்தில் இடமில்லாமல் நின்றார். திறமைக் குறைவு என்று அன்று பேசியவர்கள் அந்தக் காரைப் பார்த்துவிட்டுப் பேசியிருக்கலாம்.

மேனார் அணியின் முடிவு இன்னும் கொடுமை. 2016-ல் ஆஸ்திரியாவில் அவர்களுடைய ஓட்டுநர் வெர்லைன் பத்தாவதாக வந்து எடுத்த ஒற்றைப் புள்ளி அவர்களைப் பத்தாவது இடத்தில் வைத்திருந்தது. அன்று பரிசுப் பணத்தில் பெரும்பங்கு முதல் பத்து அணிக்குத்தான், பதினோராவது அணிக்கு அது கிடையாது. பிரேசிலில் கொட்டும் மழை, இரண்டு முறை சிவப்புக் கொடி, பந்தயம் நின்று நின்று ஓடியது. அந்தக் குழப்பத்தில் சாபர் ஓட்டுநர் ஃபெலிப்பே நாசர் ஒன்பதாவதாக வந்து 2 புள்ளி எடுத்துவிட்டார், மேனார் பதினோராவது இடத்துக்குத் தள்ளப்பட்டது. ஜனவரியில் மேனார் திவால் நடவடிக்கைக்குப் போய் அப்படியே மூடப்பட்டது. ஒரு மழை நாளில் இன்னொருவர் எடுத்த ஒன்பதாவது இடம், ஓர் அணியின் உயிரையே எடுத்துவிட்டது.

இந்த அனுபவத்தால்தான் இப்போது நுழைவாசலில் இவ்வளவு கெடுபிடி என்கிறார்கள். இருக்கலாம். உள்ளே வர விண்ணப்பித்த அமெரிக்காவின் ஆண்ட்ரெட்டி அணிக்கு எஃப்ஐஏ 2023 அக்டோபரில் சம்மதம் கொடுத்தும், வணிக உரிமை வைத்திருப்பவர்கள் 2024 ஜனவரியில் முடியாது என்றார்கள். கேடிலாக்கின் தாய்க் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸ் நேரடியாக முன்னால் வந்து நின்ற பிறகுதான் கதவு திறந்தது. அதற்கும் பெரிய தொகை. வருமானம் பங்கு பிரிவதற்கு ஈடாக மற்ற அணிகளுக்குக் கொடுக்கும் இந்தக் கட்டணம் முந்தைய ஒப்பந்தத்தில் 20 கோடி டாலர். கேடிலாக்கிடம் கேட்டது அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் என்று செய்திகள் வந்தன.

சரி, வருகிறவரிடம் இவ்வளவு வாங்குகிறார்கள். போகிறவரிடம் என்ன வாங்குகிறார்கள்?

நியாயமாகச் சொல்வதானால், அணியை அப்படியே போட்டுவிட்டு ஓடும் காலம் போய்விட்டது. 2021-ல் 14.5 கோடி டாலர் என்று செலவுக்கு வரம்பு வந்த பிறகு அணிகளின் விலை ஏறிவிட்டது. ஒரு பவுண்டுக்கு இனி யாரும் விற்கப் போவதில்லை. இப்போது ஆபத்து என்ஜினில் இருக்கிறது. ரெனால்ட் செய்ததைப் பாருங்கள். அல்பின் அணியைக் கையில் வைத்துக்கொண்டு என்ஜின் பட்டறையை மட்டும் நிறுத்திவிட்டது. வில்லியம்ஸ், பெனட்டன், ரெட் புல் என்று பலரைச் சாம்பியன் ஆக்கிய, பிரான்சின் விரி-ஷாத்தியோன் பட்டறை அது. 2024-ல் மோன்சா பந்தயத்தின்போது ஊழியர்கள் கறுப்புப் பட்டை அணிந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். செப்டம்பர் முடிவதற்குள் அங்கே ஃபார்முலா ஒன் என்ஜின் வேலையை நிறுத்தும் அறிவிப்பு வந்துவிட்டது.

ஹோண்டாவோ இன்னும் வேடிக்கை. கார்பன் உமிழ்வைக் குறைக்கும் வேலைக்கு ஆட்கள் வேண்டும், அதனால் போகிறோம் என்று 2020-ல் சொன்னது. 2026 விதிகள் கார்பன் குறைப்புக்குப் பொருத்தமாக இருக்கின்றன, அதனால் வருகிறோம் என்று 2023-ல் சொன்னது.

நான் வண்டி உதிரிபாகப் பட்டறை நடத்தி ஓய்வு பெற்றவன். பெரிய கம்பெனி ஒரு மாடலை நிறுத்தினால் எங்களுக்கு இரண்டு வரிக் கடிதம்தான் வரும். அந்த மாடலுக்கென்று கடன் வாங்கிச் செய்த டைகளை, அதாவது உலோக அச்சுகளை, வேறு எதற்கும் பயன்படுத்த முடியாது, பழைய இரும்பு விலைக்குப் போடவேண்டியதுதான். என்ஜினை வெளியே வாங்கும் அணியின் நிலைமையும் ஏறக்குறைய இதுதான். காரின் பின்பாதி முழுக்க அந்த என்ஜினின் அளவுக்கே வரையப்படுகிறது. வேறொன்றை மாட்டுவதென்றால் கியர்பாக்ஸ், ரேடியேட்டர் என்று எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டும்.

2026 கணக்கைப் பாருங்கள். அணிகள் 11, கார்கள் 22. மெர்சிடிஸ் என்ஜினில் மெர்சிடிஸ், மெக்லாரன், வில்லியம்ஸ், அல்பின். ஃபெராரி என்ஜினில் ஃபெராரி, ஹாஸ், கேடிலாக். ஆக 14 கார்கள் இரண்டே கம்பெனிகளின் தயவில். மெர்சிடிஸின் தலைமையகமான ஸ்டுட்கார்ட்டில் ஒரு மதியக் கூட்டத்தில் முடிவெடுத்தால் எட்டு கார்களுக்கு என்ஜின் தேட வேண்டும். அப்படி நடக்காது என்பீர்கள். மின்சாரக் கார் பந்தயமான ஃபார்முலா ஈயில் ஆடியும் பிஎம்டபிள்யூவும் 2020 கடைசியில் இரண்டு நாள் இடைவெளியில் விலகல் அறிவித்தன. மெர்சிடிஸ் 2022-ல் பட்டத்தோடு வெளியேறியது.

என் யோசனை இதுதான். அணியிடம் நுழைவுக் கட்டணம் வாங்குவதுபோல, என்ஜின் தயாரிப்பாளரிடம் வங்கி உத்தரவாதம் வாங்க வேண்டும். இரண்டு ஆண்டு முன்னறிவிப்பு இல்லாமல் போனால், அந்தப் பணம் நஷ்டப்படும் அணிகளுக்கும் வேலையிழக்கும் ஊழியர்களுக்கும் போகவேண்டும். இப்படி நிபந்தனை போட்டால் யாரும் வரமாட்டார்கள் என்பார்கள். கோடிக்கணக்கான டாலர் நுழைவுக் கட்டணத்துக்கே அசராதவர்களா, ஓடிப்போக மாட்டோம் என்ற ஈட்டுக்குப் பயப்படப் போகிறார்கள்?

கேடிலாக் தன் சொந்த என்ஜினை 2029-ல் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறது. அதுவரை ஃபெராரி என்ஜின். நடுவில் டெட்ராய்டில் உள்ள ஜெனரல் மோட்டார்ஸ் தலைமையகத்தில் மனம் மாறினால் என்ன ஏற்பாடு, ஃபெராரியின் ஒப்பந்தம் எந்த ஆண்டு வரை நீளும் என்பதைப் பற்றியும் உங்கள் கட்டுரையாளர் விசாரித்து எழுதினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்